குடியரசுத் தலைவர் தேர்தலில் அணி மாறும் வாக்கும் அளிக்கப்படாத வாக்கும்

தேர்தல் ஒன்றில் தம் கட்சி ஆதரிக்கும் வேட்பாளரைப் பிடிக்காத வாக்காளருக்கு மூன்று வழிகள் உள்ளன. பிடிக்காவிட்டாலும் கட்சி சொன்னபடியே வாக்களிக்கலாம். எதிரணி வேட்பாளருக்கு வாக்களிக்கலாம். வாக்களிக்கப் போகாமலே இருந்துவிடலாம். இரண்டாவது வழி கட்சி மாறி வாக்களித்தல் அல்லது அணி மாறி வாக்களித்தல் எனப்படுகிறது. மூன்றாவது வழி வாக்களிப்பைத் தவிர்த்தல் ஆகும். ஒரு கட்சியோ இயக்கமோ வெளிப்படையாக அறிவித்து அதைச் செய்தால் அது தேர்தல் புறக்கணிப்பு.

குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இந்த இரண்டு வழிகளும் சில வேளைகளில் முடிவையே மாற்றியுள்ளன. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டு அணி மாறிய வாக்குகள் ஆளுங்கட்சி அதிகாரபூர்வமாக நிறுத்திய வேட்பாளரைத் தோற்கடித்தன. இலங்கையில் 2005-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அளிக்கப்படாத வாக்குகள், இன்றும் பேசப்படும் ஒரு முடிவுக்குக் காரணமாயின. இவ்விரண்டு தேர்தல்களையும், அவற்றோடு ஒப்பிடத்தக்க வேறு சிலவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைக் கணக்கு

அணி மாறுவதும் வாக்களிக்காமல் இருப்பதும் ஒரே அளவு விளைவைத் தருவன அல்ல. 100 மாணவர்கள் உள்ள ஒரு பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் நடப்பதாகக் கொள்வோம். அரசிக்கு 52 பேரும் குமரனுக்கு 48 பேரும் ஆதரவாளர்கள். வேறுபாடு 4 வாக்குகள்.

அரசியின் ஆதரவாளர்களில் 3 பேர் குமரனுக்கு வாக்களித்தால் அரசிக்கு 49, குமரனுக்கு 51. அரசி தோற்றுவிடுவார். அதே ஆதரவாளர்கள் அணி மாறாமல், அன்று பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? 3 பேர் வராவிட்டால் அரசிக்கு 49, குமரனுக்கு 48. அரசியே வெல்வார். அவர் தோற்க வேண்டுமானால் 5 பேர் வராமல் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. அணி மாறுகிறவர் ஒரு பக்கத்தில் ஒன்றைக் குறைத்து மறுபக்கத்தில் ஒன்றைக் கூட்டுகிறார். ஆகவே வேறுபாடு இரண்டால் மாறுகிறது. வீட்டில் இருப்பவர் ஒரு பக்கத்தில் ஒன்றைக் குறைப்பதோடு சரி. வேறுபாடு ஒன்றால் மாறுகிறது. சுருக்கமாகச் சொன்னால், வெற்றி வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அணி மாறினால் முடிவு மாறும். வராமல் இருப்பதால் மட்டும் முடிவு மாற வேண்டுமானால் வேறுபாடு முழுவதற்கும் மேற்பட்டவர்கள் வராமல் இருக்க வேண்டும்.

"நான் யாருக்கும் போடவில்லை, எனவே யாரையும் பாதிக்கவில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வழக்கமாக ஓர் அணிக்கு வாக்களிப்பவர் வராமல் இருந்தால், எதிரணிக்கு அரை வாக்காளர் மாறிச் சென்றதற்கு அது சமம்.

வெற்றி பெறுவதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் தேவை என்ற விதி உள்ள தேர்தல்களில் இன்னொரு விளைவும் உண்டு. வராதவர்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்தப் 'பாதி' சிறிதாகிறது. முன்னிலையில் இருப்பவர் எல்லைக் கோட்டை எளிதில் தாண்டிவிடுகிறார். இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் தேர்தல் முறையிலும் இவ்விதி இருப்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் வாக்காளர் யார்?

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்பின் 54-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்ற இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டப்பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், தில்லி, புதுச்சேரி சட்டப்பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அடங்கிய வாக்காளர் குழு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை.

ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. சட்டப்பேரவை உறுப்பினரின் வாக்கு மதிப்பைக் காண, மாநிலத்தின் 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவை 1,000-ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. இதை 234-ஆலும் பின்னர் 1,000-ஆலும் வகுத்தால் 176 கிடைக்கிறது. உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 208, சிக்கிம் உறுப்பினருடையது 7. நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 2022 தேர்தலில் 700 ஆக இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி என 8 சட்டப்பேரவைத் தொகுதிகள் இங்கு உள்ளன. இவற்றின் உறுப்பினர்கள் 8 பேரின் வாக்கு மதிப்பு 8 × 176 = 1,408. திருவண்ணாமலை, ஆரணி ஆகிய 2 மக்களவைத் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு 2022 கணக்கில் 2 × 700 = 1,400. மாவட்ட வாக்காளர் ஒருவர் சட்டப்பேரவைத் தேர்தலில் வாக்களிக்கும்போது, தம்மை அறியாமலே, பின்னால் வரக்கூடிய குடியரசுத் தலைவர் தேர்தலின் 176 மதிப்புள்ள ஒரு வாக்கையும் ஒருவர் கையில் ஒப்படைக்கிறார்.

கொறடா உத்தரவு ஏன் செல்லாது?

சட்டப்பேரவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கும்போது கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இதற்கு வழி செய்கிறது.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இச்சட்டம் பொருந்தாது. உறுப்பினர் இங்கு அவையின் நடவடிக்கையில் வாக்களிக்கவில்லை. வாக்காளர் குழுவின் ஒருவராகத் தேர்தலில் வாக்களிக்கிறார். மேலும் 55-ஆம் பிரிவு இத்தேர்தல் இரகசிய வாக்கெடுப்பாக நடக்க வேண்டும் என்கிறது. வாக்களிப்பதும் வாக்களிக்காமல் இருப்பதும் உறுப்பினரின் விருப்பம். கட்சிகள் தம் உறுப்பினர்களை வேண்டிக்கொள்ளலாம், கட்டளையிட முடியாது. 'நோட்டா' என்ற தேர்வும் இவ்வாக்குச் சீட்டில் கிடையாது.

ஆகவே அணி மாறுவதற்குச் சட்டத் தடை இல்லை, கண்டுபிடிக்கவும் வழி இல்லை. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான உறுப்பினர்கள் கட்சி சொன்னபடியே வாக்களிக்கிறார்கள். அடுத்த தேர்தலில் சீட்டு தருவது கட்சிதான் என்பது இதற்கு முதற்காரணம்.

1969: மனசாட்சி வாக்கு

குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசுத் துணைத் தலைவர் வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்ற கேள்வி காங்கிரசுக்குள் இருந்த பிளவை வெளியே கொண்டுவந்தது. ஒரு பக்கம் பிரதமர் இந்திரா காந்தி. மறுபக்கம் 'சிண்டிகேட்' என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர்கள். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராசர் முதலியோர் இவர்களுள் அடங்குவர்.

பெங்களூரில் கூடிய காங்கிரசு, இந்திராவின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. கிரி சுயேச்சையாகப் போட்டியிட முன்வந்தார். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்குகளைப் பெறுவதற்காக நிஜலிங்கப்பா அவ்விரு கட்சிகளின் தலைவர்களைச் சந்தித்தார். இதைக் காரணம் காட்டிய இந்திரா காந்தி, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றார். தம் கட்சி வேட்பாளருக்கு எதிராக வாக்களிக்கப் பிரதமரே வழி திறந்துவிட்டார் என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டில் முதல்வர் மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. கிரியை ஆதரித்தது. இடதுசாரிகளும் அவ்வாறே செய்தனர்.

1969 ஆகஸ்ட் 16 அன்று வாக்கெடுப்பும் 20 அன்று எண்ணிக்கையும் நடந்தன. வெற்றிக்குத் தேவையான மதிப்பு 4,18,169. முதல் விருப்ப வாக்குகள் பின்வருமாறு அமைந்தன:

வி. வி. கிரி – 4,01,515
நீலம் சஞ்சீவ ரெட்டி – 3,13,548
சி. டி. தேஷ்முக் – 1,12,769

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் தேஷ்முக்கும் சிறு வேட்பாளர்களும் நீக்கப்பட்டு, அவர்களுடைய சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. எதிர்பார்த்தபடி அவற்றில் மிகுதி ரெட்டிக்கே சென்றது. இருந்தும் இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிந்தது. வேறுபாடு 14,650.

மேலே கண்ட கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அப்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576. கிரிக்கு வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் 13 பேர் ரெட்டிக்கு மாறியிருந்தால் ரெட்டி குடியரசுத் தலைவர் ஆகியிருப்பார். கிரிக்கு வாக்களித்தவர்கள் வராமல் இருந்து அவரைத் தோற்கடிக்க வேண்டுமானால் 26 பேர் தேவைப்பட்டிருப்பர்.

இன்னொரு எண்ணும் கவனிக்கத்தக்கது. எண்ணிக்கையின் இறுதியில் 10,833 மதிப்புள்ள வாக்குகள் கிரிக்கும் போகவில்லை, ரெட்டிக்கும் போகவில்லை. அச்சீட்டுகளில் இவ்விருவருக்கும் விருப்பம் குறிக்கப்படவில்லை. முதல் சுற்றில் வாக்களித்துவிட்டுக் கடைசிச் சுற்றில் வீட்டில் இருந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம்.

தேர்தல் முடிந்த சில மாதங்களில், நவம்பர் 12 அன்று, இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். காங்கிரசு இரண்டாக உடைந்தது. தேர்தல் செல்லாது எனத் தொடரப்பட்ட வழக்கில் குடியரசுத் தலைவர் கிரி உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார். வழக்கு தள்ளுபடியானது. தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்.

மண்ணின் மைந்தரா, கூட்டணியா?

1969-க்குப் பின் அணி மாறிய வாக்கு எந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவையும் மாற்றவில்லை. ஆனால் கட்சிகள் கூட்டமாகவே அணி மாறிய நிகழ்வுகள் உண்டு. வேட்பாளரின் மாநிலம், சமூகம், தனிப்பட்ட மதிப்பு ஆகியவை இதற்குக் காரணமாயின.

2002-இல் இராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாமை ஆளும் தேசிய சனநாயகக் கூட்டணியும் எதிர்க்கட்சியான காங்கிரசும், தமிழ்நாட்டில் எதிரெதிரான தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஆதரித்தன. இடதுசாரிகளின் வேட்பாளர் கேப்டன் இலட்சுமி சாகலும் தமிழ்நாட்டில் பிறந்தவரே. கலாம் 9,22,884, இலட்சுமி 1,07,366 பெற்றனர். 2007-இல் பா.ச.க. கூட்டணியில் இருந்த சிவசேனை, மராட்டியர் என்பதற்காகக் காங்கிரசு வேட்பாளர் பிரதிபா பாட்டீலை ஆதரித்தது. 2022-இல் காங்கிரசுடன் சேர்ந்து சார்க்கண்டை ஆண்டுகொண்டிருந்த சார்க்கண்ட் முக்தி மோர்ச்சா, சந்தால் பழங்குடியினரான திரௌபதி முர்முவை ஆதரித்தது.

அதே 2022 தேர்தலில் தனிமனிதர் ஒருவர் அணி மாறியதற்குக் கேரளம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 140 உறுப்பினர்களில் ஒருவர்கூட பா.ச.க.வைச் சேர்ந்தவர் அல்லர். ஆளும் அணியும் எதிரணியும் யஷ்வந்த் சின்காவையே ஆதரித்தன. எண்ணிப் பார்த்தபோது சின்காவுக்கு 139, முர்முவுக்கு 1. அந்த ஒருவர் யார் என்பது இரகசிய வாக்கெடுப்புக்குள் அடங்கிவிட்டது.

மாநிலப் பற்று எப்போதும் வெல்வதில்லை என்பதை 2025 செப்டம்பர் 9 அன்று நடந்த குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் காட்டியது. இதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வாக்காளர்கள். திருப்பூரைச் சேர்ந்த சி. பி. இராதாகிருட்டிணனுக்கு எதிராக, தெலங்கானாவைச் சேர்ந்த முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சுதர்சன் ரெட்டி நின்றார். தமிழ்நாட்டின் தி.மு.க. தெலுங்கரை ஆதரித்தது, ஆந்திரத்தின் தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் தமிழரை ஆதரித்தன. இரு பக்கமும் மொழியைக் காட்டிலும் அரசியல் கணக்கே பெரிதாக இருந்தது.

இராதாகிருட்டிணன் 452, ரெட்டி 300 பெற்றனர். 15 வாக்குகள் செல்லாதவை. எதிர்க்கட்சிகள் தங்கள் தரப்பில் 315 பேர் வாக்களித்ததாகக் கூறின. குறைந்த 15 பேர் அணி மாறினார்களா, அல்லது செல்லாமற்போன சீட்டுகள் அவர்களுடையவையா, அல்லது இரண்டும் கலந்ததா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எதிரணிக்கு வாக்களிக்கவும் மனமில்லாமல், கட்சிக்குத் தெரியும்படி வராமல் இருக்கவும் துணிவில்லாமல், சீட்டை வேண்டுமென்றே கெடுத்துவிடுவதும் வாக்களிக்காமல் இருப்பதன் ஒரு வகையே. 2022-இல் அளிக்கப்பட்ட 4,754 வாக்குகளில் 53 செல்லாதவை. சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவர்கள் அனைவருமே அறியாமையால் தவறு செய்தார்கள் என்று கொள்வது கடினம்.

ஒதுங்கி நிற்கும் கட்சிகள்

சில கட்சிகளுக்கு இரண்டு பக்கமும் போக முடியாத நிலை வரும். 2012-இல் பிரணாப் முகர்சியும் பி. ஏ. சங்மாவும் போட்டியிட்டனர். தமிழ்நாட்டில் தி.மு.க. முகர்சியையும் அ.தி.மு.க. சங்மாவையும் ஆதரித்தன. அ.தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்து 2011-இல் 29 இடங்களை வென்று, பின்னர் அதனுடன் முறித்துக்கொண்ட தே.மு.தி.க. தேர்தலைப் புறக்கணித்தது. 9 உறுப்பினர்கள் கொண்ட இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியும் விலகி நின்றது. மார்க்சிஸ்டுக் கட்சி முகர்சியை ஆதரித்தது. ஒரே இடதுசாரி முகாமில் ஒரு கட்சி அணி மாறியது, மற்றது வீட்டில் இருந்தது.

தே.மு.தி.க., இந்தியக் கம்யூனிஸ்டு ஆகிய இரண்டின் 38 வாக்குகளின் மதிப்பு 38 × 176 = 6,688. முகர்சியின் வெற்றி வேறுபாடோ 3,97,776. முடிவை மாற்றாது என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில்தான் கட்சிகள் துணிந்து ஒதுங்குகின்றன. அங்கே புறக்கணிப்பு ஓர் அறிவிப்பு மட்டுமே. போட்டி நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது அறிவிப்போடு நிற்பதில்லை. இதற்கு இலங்கைக்குச் செல்ல வேண்டும்.

இலங்கை: மக்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தல்

இலங்கையில் சனாதிபதியை 1982 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுவதும் ஒரே தொகுதி. பாதிக்கு மேல் பெற்றவர் வெல்வார். யாரும் பெறாவிட்டால் முதலிரு வேட்பாளர்களைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களின் வாக்காளர்கள் குறித்த இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படும்.

வடக்கு, கிழக்கில் தமிழ்க் கட்சிகளுக்கு வாக்களிக்கும் மக்களுக்கு இத்தேர்தல் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியை எழுப்புகிறது. வெல்லக்கூடிய வேட்பாளர் எவரும் அவர்களுடைய கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். ஆகவே பிற கட்சி வேட்பாளரில் ஒருவரைத் தேர்வதா, வெல்ல முடியாத தமிழ் வேட்பாளருக்கு வாக்களித்துத் தம் நிலையைக் காட்டுவதா, அல்லது வாக்குச் சாவடிக்கே போகாமல் இருப்பதா? மூன்றையும் அவர்கள் வெவ்வேறு காலங்களில் செய்திருக்கிறார்கள்.

2005 நவம்பர் 17 தேர்தலில் மகிந்த ராசபக்சவும் இரணில் விக்கிரமசிங்கவும் மோதினர். இத்தேர்தலில் தமிழ் மக்கள் அக்கறை கொள்ள வேண்டியதில்லை என்பது விடுதலைப் புலிகளின் நிலைப்பாடாக இருந்தது. அது நடைமுறையில் புறக்கணிப்பு ஆயிற்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவு பெற்ற 7,01,938 வாக்காளர்களில் 8,524 பேர் மட்டுமே வாக்களித்தனர். இது 1.21 விழுக்காடு. நாடு முழுவதும் 73.73 விழுக்காடு வாக்குகள் பதிவாயின.

மகிந்த ராசபக்ச – 48,87,152 (50.29 விழுக்காடு)
இரணில் விக்கிரமசிங்க – 47,06,366 (48.43 விழுக்காடு)

வேறுபாடு 1,80,786. யாழ்ப்பாணத்தில் மட்டும் வாக்களிக்காதவர்கள் இதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் பட்டியலில் இருந்த அனைவரும் ஊரில் இருந்தவர்கள் அல்லர். போரால் இடம்பெயர்ந்தவர்களும் வெளிநாடு சென்றவர்களும் அதில் இருந்தனர். எனவே எல்லாரும் வாக்களித்திருந்தால் என்று தொடங்கும் கணக்கு முழுமையாகாது.

இதைவிடச் சிறிய எண் ஒன்று உண்மையை நெருக்கமாகக் காட்டுகிறது. மொத்தச் செல்லுபடியான வாக்குகள் 97,17,039. இராசபக்சவுக்கு எதிராக எந்த வேட்பாளருக்காவது இன்னும் ஏறத்தாழ 57,300 வாக்குகள் விழுந்திருந்தால் அவர் 50 விழுக்காட்டுக்குக் கீழே சென்றிருப்பார். விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்திருக்கும். யாழ்ப்பாணப் பட்டியலில் இது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

2005-இல் வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்தவர் எல்லாரும் ஒரே மனத்தோடு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. புறக்கணிப்பில் உடன்பாடு கொண்டவர்கள் இருந்தனர். இரு வேட்பாளர்களிடமும் நம்பிக்கை இழந்தவர்கள் இருந்தனர். வெளியே வர அஞ்சியவர்களும் இருந்தனர். எண்ணிக்கைத் தாளில் இம்மூவரும் ஒன்றே. அடுத்த ஆண்டே முழுப் போர் மீண்டும் மூண்டு 2009 மே மாதம் வரை நீடித்தது. அந்த முடிவு வேறாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது கேள்வியாகவே இருக்கிறது.

2015 சனவரி 8 தேர்தலில் அதே மக்கள் மறுவழியைத் தேர்ந்தனர். இராசபக்சவின் அமைச்சரவையிலிருந்து பிரிந்துவந்த மைத்திரிபால சிறிசேனவைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரித்தது. யாழ்ப்பாணத்தில் 66 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சிறிசேன 2,53,574 வாக்குகளும் இராசபக்ச 74,454 வாக்குகளும் பெற்றனர். நாடு முழுவதும் சிறிசேனவின் வெற்றி வேறுபாடு 4,49,072. வடக்கு, கிழக்கின் 5 தேர்தல் மாவட்டங்களில் தமிழரும் முசுலிம்களும் பெருமளவில் வாக்களித்து அவருக்கு அளித்த கூடுதல் வாக்குகள் மட்டும் 6 லட்சத்தைத் தாண்டின.

2024 செப்டம்பர் 21 தேர்தலில் மூன்றாவது வழியும் தெரிந்தது. தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்ற சசித் பிரேமதாசவுக்கு 1,21,177, அரியநேத்திரனுக்கு 1,16,688. நாட்டளவில் அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடே பெற்றதால், இலங்கை வரலாற்றில் முதல் முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. மூன்றாம் இடத்திலும் அதற்குக் கீழும் இருந்த வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 33 லட்சம் பேர். அவர்களின் விருப்பு வாக்குகளில் திசாநாயக்கவுக்கு 1,05,264, பிரேமதாசவுக்கு 1,67,867 சேர்ந்தன. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடைசிச் சுற்றில் பேசாமல் இருந்துவிட்டனர். 1969-இல் தில்லியில் கண்ட அதே நிலை, பன்மடங்கு பெரிய அளவில் நிகழ்ந்தது.

அமெரிக்கா: ஒரு மாவட்டக் கணக்கு

அமெரிக்காவில் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அணி மாறுகிறவர்கள் அதிகமா, வராதவர்கள் அதிகமா என்ற விவாதம் எழும். 2016-இல் மிச்சிகன் மாநிலத்தை டொனால்ட் டிரம்ப் 10,704 வாக்குகளில் வென்றார். அம்மாநிலத்தின் டெட்ராய்ட் நகரம் அடங்கிய வெயின் மாவட்டம் சனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே 2012-இல் பராக் ஒபாமா பெற்றதைவிட இலரி கிளின்டன் ஏறத்தாழ 76,000 வாக்குகள் குறைவாகப் பெற்றார். ஆனால் 2012-இல் மிட் ராம்னி பெற்றதைவிட டிரம்ப் கூடுதலாகப் பெற்றவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. இழந்த வாக்குகளில் பெரும்பகுதி எதிரணிக்குப் போகவில்லை. சில சிறு கட்சிகளுக்குச் சென்றன. மற்றவை சாவடிக்கே வரவில்லை.

பொதுமக்கள் வாக்களிக்கும் தேர்தல்களில் இது அடிக்கடி காணப்படுவதே. நெடுநாள் ஆதரித்த கட்சியின் எதிரிக்கு வாக்களிப்பது பலருக்கு மனம் ஒப்பாத செயல். குடும்பம், சாதி, தொழிற்சங்கம், தெரு என்று வாக்கு பல உறவுகளோடு கட்டுண்டிருக்கிறது. வீட்டில் இருப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அதிருப்தி முதலில் வராமையாக வெளிப்படுகிறது; அது முற்றியபின்பே அணி மாற்றமாகிறது. உறுப்பினர்கள் வாக்களிக்கும் இந்தியத் தேர்தலில் நிலை தலைகீழ். அங்கே வராதவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அணி மாறியவர் யார் என்பது தெரியாது. எனவே அதிருப்தி கொண்டவர் வந்து, உள்ளே சென்று, மாற்றிக் குத்திவிட்டுப் போகிறார்.

முடிவுகளைப் படிக்கும் முறை

தேர்தல் முடிவு ஒன்றைப் படிக்கும் மாணவர்கள் பின்வருவனவற்றைப் பார்த்தால் தவறான முடிவுக்கு வராமல் இருக்கலாம்.

1. வெற்றி வேறுபாட்டையும் அதன் பாதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அணி மாறியவர்களைப் பாதியோடும், வராதவர்களை முழு வேறுபாட்டோடும் ஒப்பிடுங்கள்.

2. விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் முந்தைய தேர்தலின் வாக்கு எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருவரின் விழுக்காடு கூடியிருக்கலாம். அவர் பெற்ற வாக்குகள் குறைந்திருக்கலாம்.

3. செல்லாத வாக்குகளையும், அடுத்த விருப்பம் குறிக்கப்படாத வாக்குகளையும் விட்டுவிடாதீர்கள்.

4. இரகசிய வாக்கெடுப்பில் எண்ணிக்கை தெரியும், ஆள் தெரியாது. 'இன்னார்தான் மாற்றி வாக்களித்தார்' என்பது பெரும்பாலும் ஊகமே.

5. வாக்களிக்காதவருக்கு வாக்களிக்கும் உரிமையோடு வாய்ப்பும் இருந்ததா என்று கேளுங்கள். விருப்பப்படி ஒதுங்கியவரையும் ஒதுக்கி வைக்கப்பட்டவரையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது.

அணி மாறிய வாக்கில் வாக்காளர் ஒரு பெயரைக் குறிக்கிறார். அவர் என்ன விரும்பினார் என்பது பதிவாகிறது. அளிக்கப்படாத வாக்கில் அப்படி ஒன்றும் பதிவாவதில்லை. அதைப் புறக்கணிப்பின் வெற்றி என்று ஒருவரும், அச்சத்தின் அடையாளம் என்று இன்னொருவரும், சோம்பல் என்று மூன்றாமவரும் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் 2005-இல் வராத ஏழு லட்சம் பேருக்காகவும் இன்றுவரை மற்றவர்களே பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.